டீசலில் துடைத்த டாங்கி

எங்கள் அலுவலகச் சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த மறுநாள், கிரீஸ் சார் உள்ளே வந்ததும் வராததுமாக நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறம் தேர்ந்தெடுக்க இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். "ஒட்டியிருக்கு," என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் தன் நாற்காலியைத் துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கதவு, பக்கத்து வீட்டுக் கார், பேருந்து நிறுத்தத்துக் கம்பி, எதையும் விடமாட்டார். கை சும்மா இருக்காத மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாங்கள் செய்வது கணினியில் ஆடும் போர் விளையாட்டு. நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன் நடந்த எல்லைப் போர்தான் அதில் களம். அந்தப் போரில் டாங்கிகளைப் பழுது பார்த்தவர் கிரீஸ் சார். அப்புறம் முப்பது வருஷம் பேருந்துப் பணிமனையில் என்ஜின்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். டாங்கி விஷயத்தில் நாங்கள் உளறினால் திருத்துவதற்காக முதலாளி அவரைக் கூட்டி வந்தார். கிரீஸ் சார் என்று பெயர் வைத்தது நான். பதிலுக்கு அவர் எனக்கு 'ஏன் அம்மா' என்று வைத்தார். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்கிறேனாம்.

எங்கள் சண்டை தொடங்கியது பிடிபட்ட டாங்கியில். எதிரியின் டாங்கியைப் பிடித்தால் அதன் சிவப்பு நிறம் நம் நீலமாக மாறும், அவ்வளவுதான் என்று அரை மணியில் எழுதி முடித்திருந்தேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா இது, தீப்பெட்டியா? வாங்கிப் பையில போட்டுக்கறதுக்கு? அதுக்கு உதிரி பாகம் யார் குடுப்பா? குண்டு யார் குடுப்பா?"

சரி, ஆட்டத்தில் நாலு சுற்றுக்குப் பிறகு அது நின்றுவிடும் என்று மாற்றினேன். அடுத்து, உருவம் எதிரியுடையதாகவே இருப்பதால் தூரத்தில் இருந்து பார்க்கும் நம் பீரங்கிக்காரனே சுடுவான் என்றார். அதனால் ஒரு சுற்றைச் செலவழித்து, அதன் மேல் நம்முடையது என்பதற்கு அடையாளமாக வெள்ளைச் சதுரம் பூச வேண்டும். அதற்கும் ஒரு பொத்தான் வைத்தேன். கடைசியாக வந்ததுதான் வம்பு. பூசிய பிறகும், நம் பீரங்கியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு, நம்மவனே சுட்டுவிடுவான்.

"பூசினதுக்கப்புறமுமா? ஆடுறவன் நம்மளைத் திட்டியே கொன்னுடுவான் சார்!"

"திட்டட்டும்."

"ஏன்?"

அவர் எழுந்து ஜன்னல் கம்பியைச் சுரண்டப் போய்விட்டார். எனக்கும் வீம்பு, திட்டிக்கொண்டே எழுதி வைத்தேன். முதலாளி ஆடிப் பார்த்துவிட்டு, "இது என்ன அநியாயம், எடுத்துடுங்க," என்றார். அன்று மாடிப்படியில் என்னை நிறுத்தி கிரீஸ் சார் காரணத்தைச் சொன்னார்.

அந்தப் போரில் பிடிபட்ட ஒரு டாங்கிக்கு வெள்ளை பூசியது அவர்தான். டாங்கியின் உடம்பெல்லாம் சேறு. குடிக்கவே தண்ணீர் இல்லாத நாளில் டாங்கியைக் கழுவ யார் தருவார்கள்? டீசலில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, அதன் மேலேயே பூசினார். பளபளவென்று இருந்ததாம். எண்ணெய்ப் பசை மேல் பெயின்ட் நிற்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல, அவசரத்தில் தோன்றவில்லை. நாலு மைல் போவதற்குள் மரக்கிளை உரசி முழுசாக உரிந்துவிட்டது. நம் பீரங்கி சுட்டது. டாங்கியை ஓட்டிப் போனவன் அவர் மனைவியின் தம்பி.

எதிரியின் குண்டு என்றுதான் வீட்டுக்குக் கடிதம் போனது. அவரும் அதையே சொன்னார். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "சொன்னா அன்னைக்கே அவ என்னை விட்டுப் போயிருப்பா. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்றது இன்னும் கஷ்டமாயிட்டே போச்சு," என்றார். இப்போதும் அந்தம்மாவுக்குத் தெரியாது.

அதைக் கேட்ட பிறகு எனக்கு விதியை நீக்க மனம் வரவில்லை. வியாழக்கிழமை மாலைக்குள் எடுக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. தலையாட்டிவிட்டு அப்படியே விட்டேன். என் திமிர்தான், வேறென்ன?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தம்மா வந்தார். கிரீஸ் சார் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார், அதைக் கொடுக்கத்தான். அந்த நேரம் அவர் கீழே, யாருடைய ஸ்கூட்டரையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"விளையாட்டே ஆடாத ஒருத்தர் ஆடிப் பார்த்தா நல்லா இருக்கும்," என்று முதலாளி அந்தம்மாவை என் நாற்காலியிலேயே உட்கார வைத்தார்.

"கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுதும்மா, இன்னொரு நாள்..." என்று இழுத்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க ஆடுங்கம்மா."

அந்தம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆடினார். நன்றாகவே ஆடினார், அதுதான் கொடுமை. கால் மணி நேரத்தில் எதிரியின் டாங்கி ஒன்றைப் பிடித்துவிட்டார். 'அடையாளம் பூசு' என்ற பொத்தான் வந்தது.

"பூசாமப் போனா என்னம்மா ஆகும்?"

"நம்ம ஆளுங்களே சுடுவாங்க."

"ஐயையோ, அப்ப பூசிடலாம். ஒரு சுற்று போனாப் போகுது."

பூசினார். டாங்கியின் தலையில் வெள்ளைச் சதுரம் விழுந்தது. முகாமுக்குத் திரும்பும் வழியில் நம் பீரங்கிகள் மூன்று. முதலாவதைத் தாண்டியது. நான் மூச்சை விட்டேன். அந்த நேரம் பார்த்து, கையைத் துடைத்தபடி கிரீஸ் சார் வாசலுக்கு வந்தார். திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுக்கலையா என்று அவர் கண் கேட்டது. இல்லை என்று தலையசைத்தேன். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மின்சாரக் கம்பியைப் பிடுங்கியிருப்பேன், சத்தியமாக. அவர் சொல்லவில்லை.

இரண்டாவதையும் தாண்டியது.

"பாத்தியாம்மா, பூசினது எவ்வளவு நல்லதாப் போச்சு!" என்று அந்தம்மா என் கையைத் தட்டினார்.

மூன்றாவது பீரங்கி சுட்டது. டாங்கி எரிந்தது. 'நம் தரப்பால் சுடப்பட்டது' என்று எழுத்து வந்தது.

"நான் எடுக்கச் சொன்னேன்ல?" என்று முதலாளி என் மேல் பாய்ந்தார்.

அந்தம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. "பூசினேனேம்மா! பூசினப்புறமும் ஏன் சுட்டான்?"

என்னிடம்தான் கேட்டார். பதில் வாசலில் இருந்து வந்தது.

"டீசல்ல துடைச்சா ஒட்டாது."

அந்தம்மா திரும்பினார். "என்னங்க சொல்றீங்க?"

"அன்னைக்குத் தண்ணி இல்ல. டீசல்ல துடைச்சுட்டுப் பூசினேன். உரிஞ்சுடுச்சு. உன் தம்பி வண்டிதான். சுட்டது எதிரி இல்ல, நம்ம ஆளுங்க." கைத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பூசினது நான்."

முதலாளிக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது, நகர்ந்து நின்றார். அந்தம்மா அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று இருந்தது எனக்கு. எரிகிற அந்தச் சின்னப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சதுரம் இருந்த இடத்தை விரலால் தொட்டார்.

"நாப்பத்து நாலு வருஷம்," என்றார். கணவரிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "மன்னிச்சுக்குங்கம்மா. இந்த விதியை இப்பவே எடுத்துடச் சொல்றேன்."

"எடுக்காதீங்க." குரல் கொஞ்சமும் உயரவில்லை. "எடுத்தா, இவர் பூசினது ஒட்டிச்சுன்னு ஆயிடும்."

விதி அப்படியே இருந்தது. அதைப் பற்றி முதலாளி அப்புறம் பேசவே இல்லை.

அந்தம்மா எழுந்து பையைத் திறந்தார். மாத்திரை அட்டையை எடுத்தார், ஒன்றை உடைத்தார், என் மேஜையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கிரீஸ் சார் கையை நீட்டவே பயந்தார்.

"பிடிங்க. முதல்ல இதைப் போடுங்க," என்றார் அந்தம்மா. "மிச்சத்தை வீட்ல கேக்கறேன். ஒண்ணு விடாமச் சொல்லணும்."