துடுப்பில் வைத்த காது

மாலையில் கிண்ணியாவில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடுகிறது. ‘அறிவுக்கு இனம் உண்டா?’ என்ற என் கட்டுரை, பன்னிரண்டு பக்கம், பையில் இருக்கிறது. குடாவைக் கடக்கும், ‘பாதை’ என்று இங்கே சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒரு மீன்பிடித் தோணியில் ஏறியிருக்கிறேன்.

குடாவின் நடுவில் தோணி நிற்கிறது. தோணிக்காரர் இஸ்மாயிலை எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்றே அழைப்பார்கள். அவர் துடுப்பை நீரில் அமிழ்த்தி, பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடுகிறார். கீழே மீன் கூட்டமாக நின்றால் அதன் சத்தம் மரத்தின் வழியே ஏறி வருமாம்.

அவர் நிமிர்ந்ததும், “மீன் இருக்கோ, காக்கா?” என்று கேட்டுவிடுகிறேன்.

அவர் பதில் சொல்லாமல் துடுப்பைத் தோணியில் கூட வரும் சல்லியூர்ச் சுந்தரத்திடம் கொடுக்கிறார். சுந்தரமும் கேட்டுவிட்டு, வாய் திறக்காமல், மீன்பிடிப் பருவத்துக்குத் தென்கரையிலிருந்து வந்திருக்கும் சிங்களவரான சோமபாலவிடம் நீட்டுகிறார்.

“கொஞ்சம் பொறுங்க, சேர்,” என்று காக்கா என் பக்கம் குனிகிறார். “நான் சொல்லிட்டா அவங்களுக்கும் அதுதான் கேக்கும்.”

மூவரும் கேட்டு முடித்த பிறகே பேசுகிறார்கள். காக்காவும் சுந்தரமும் மீன் இருக்கிறது என்கிறார்கள். சோமபால, “இல்ல. சத்தம் தூரம் போகுது,” என்கிறார்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. தோணியும் வலையும் காக்காவுடையவை. ஆனாலும் அவர் வலையைத் தொடாமல், துடுப்பை மறுபடியும் நீரில் இறக்கிக் காதை வைக்கிறார்.

பையில் இருக்கும் கட்டுரையைத் தொட்டுப் பார்க்கிறேன். எங்கள் வட்டத்தில் எப்போதும் முதலில் வாசிப்பவன் நான். இதுவரை ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை. அதை என் கட்டுரைகளின் பலம் என்று நினைத்திருந்தேன்.