பதினான்கு நாளில் திருப்பித் தரவேண்டிய டிவி தொடர்கள்

நூலகர் வேலை என்றால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து புத்தகம் படிப்பது என்று நினைப்பவர்கள், ஒரு நாள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பொதுமக்களுக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிற யாராக இருந்தாலும், நான் சொல்லப்போவது அவர்களுக்குப் புரியும். தருமபுரிக்கும் தொப்பூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னக் கிளை நூலகம் என்னுடையது. அங்கே புத்தகங்களால் எனக்குத் தொல்லை வந்ததே இல்லை. வந்ததெல்லாம் டிவிடி ராக்கால்தான்.

மூன்று அட்டைப்பெட்டி

பெங்களூருக்குக் குடிபோன ஒரு டாக்டரம்மா, போகிற அன்று மூன்று அட்டைப்பெட்டிகளை நூலகத்தில் இறக்கிவிட்டுப் போனார். அத்தனையும் டிவி நிகழ்ச்சிகளின் டிவிடி. குடும்பத் தொடர், துப்பறியும் தொடர், காட்டு விலங்குகள், பள்ளிப் பாடங்கள். "இப்ப யாரு மேடம் இதையெல்லாம் பாக்கறாங்க? பழைய பேப்பர்காரன்கூட எடுக்க மாட்டான்" என்று வாசகர் ஒருவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. நூலகத்துக்கு வந்த பொருளைப் படிக்கவோ பார்க்கவோ ஆள் தேடுவதுதானே என் வேலை?

ஓடாத டிவிடியை யார் தலையிலும் கட்டக் கூடாது. ஆனால் நூலகத்தில் பிளேயர் கிடையாது. தினமும் சாயங்காலம் நாலைந்தை வீட்டுக்கு எடுத்துப் போய், பரணிலிருந்த பழைய பிளேயரைத் துடைத்து, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். நல்லதைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, நூலகத்தில் ஒரு ராக்கில் அடுக்கினேன். ஒரு மாதம் இப்படியே போனது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், நான் கையில் ரிமோட்டோடு கூடத்தில் நிற்பேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "லைப்ரரி வூட்டுக்கு வந்துருச்சா, இல்ல நீ இன்னும் வூட்டுக்கு வரலயா?"

சுவருக்கு அந்தப் பக்கம்

ராக்கிலிருந்து முதலில் எடுத்துப் போனவர் கோவிந்தன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், காது மந்தம். துப்பறியும் தொடர் மொத்தம் பன்னிரண்டு டிஸ்க். வாரத்துக்கு இரண்டு வீதம் வாங்கிப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முழுச் சத்தத்தில் வைத்துப் பார்ப்பார்.

நாலாவது வாரம் அவர் பக்கத்து வீட்டு சரோஜா நேராக என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். "நீங்க குடுக்கற டிஸ்க்கால எங்க வூட்ல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க முடியலீங்க. ஒரே கத்தல், துப்பாக்கிச் சத்தம்." நியாயம்தான். கோவிந்தனிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன், அதாவது அவருக்குக் கேட்கிற அளவு சத்தமாக. அவர் தங்கமான மனுஷன். அன்றைக்கே மகனிடம் சொல்லி ஹெட்போன் வாங்கி மாட்டிக்கொண்டார்.

அப்பாடா என்று இருந்தேன். நாலு நாள் கழித்து சரோஜா திரும்பவும் வந்தார், முன்னைவிடக் கோபமாக. எட்டாவது டிஸ்க் வரைக்கும் சுவர் வழியாகவே கதை கேட்டிருக்கிறார். கொலை செய்தது தம்பியா, கணக்குப்பிள்ளையா என்று தெரியப்போகிற நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. உறுப்பினர் படிவத்தை என் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கியபடி சொன்னார்: "சத்தத்தக் கொறைக்கச் சொன்னேன், கதைய நிறுத்தச் சொல்லலீங்களே மேடம்!"

இறக்கத்தில் யானை

ஒரு நாள் வசந்தா என்ற பெண் வந்தார். அவர் கணவர் சின்னசாமி லாரி டிரைவர். தொப்பூர் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து, தொடை எலும்பு முறிந்து, மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். "அவருக்குப் பாக்க ஏதாவது குடுங்க மேடம்" என்றார் வசந்தா. கையில் நல்ல செல்போன் இருந்தது. அதிலேயே எல்லாம் வருமே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அதத்தாங்க புடுங்கி வெச்சிருக்கேன். எதத் தொட்டாலும் அடுத்தது ஆக்சிடென்ட் வீடியோவா வருது. பாத்துட்டு ஒடம்பெல்லாம் நடுங்குது அவருக்கு. இதுல என்ன வரும்னு அட்டையிலயே போட்டிருக்குதுங்களே, அது போதும்."

ராக் முழுவதையும் அலசினேன். துப்பறியும் தொடரில் கார் மோதுகிறது, குடும்பத் தொடரில் ஆஸ்பத்திரி வராத டிஸ்க்கே இல்லை. கடைசியில் காட்டு விலங்குகள் வரிசையை எடுத்தேன். அதிலும் சிறுத்தை மானைத் துரத்துகிற டிஸ்க்கைத் தனியே வைத்துவிட்டு, யானைகள் பற்றிய இரண்டை மட்டும் கொடுத்தனுப்பினேன். அவர் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பதினான்கு நாளுக்கு ஒருமுறை வசந்தா வந்து புதுப்பித்துக்கொண்டு போவார்.

நாலைந்து மாதம் கழித்து, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். நான் எழுந்து போய்ப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, தானே ஏறி வந்து மேசைமேல் டிஸ்க்கை வைத்தார். சின்னசாமி. திரும்ப வண்டி எடுப்பீர்களா என்று கேட்டேன். எடுத்தே தீருவேன் என்றார். ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "அவ்வளவு பெரிய யானையே எறக்கத்துல ஒவ்வொரு காலா வெச்சுப் பாத்துத்தாங்க மேடம் எறங்குது, நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

சலிக்காத வாத்தியார்

வத்தல்மலையில் அங்கன்வாடி உதவியாளராக இருப்பவர் மல்லிகா. வயது முப்பத்தைந்துக்கு மேல். பத்தாவது பாஸ் செய்தால்தான் வேலையில் மேலே போக முடியும். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டார், கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. டியூஷனுக்கு இறங்கி வர நேரமில்லை. போனில் பாடம் பார்க்கலாம் என்றால் அவர் வீட்டுப் பக்கம் சிக்னல் நிற்பதில்லை. டிவியில் வந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்களின் டிவிடியைக் காட்டினேன். அண்ணன் வீட்டிலிருந்து ஒரு பிளேயரைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்.

அதற்குப் பிறகு அந்த டிவிடி ராக்குக்குத் திரும்பவே இல்லை. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் இறங்கி வந்து, புதுப்பித்து, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். "எது புரியல?" என்று ஒரு தடவை கேட்டேன். "முக்கோணம் புரியறவரைக்கும் வட்டத்துக்குப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேங்க" என்றார். முக்கோணத்திலேயே இரண்டு மாதம் இருந்தார்.

ரிசல்ட் வந்த அன்று, மதிப்பெண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். கணக்கில் முப்பத்தெட்டு. நானும் அவரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரித்த சிரிப்பில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லாம் தலை தூக்கிப் பார்த்தார்கள். மல்லிகா டிவிடியைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இருவது தடவ கேட்டாலும் அதே மொகத்தோட சொல்லிக் குடுத்தாருங்க, அந்த சார் எந்த ஊருன்னு தெரிஞ்சா நேர்ல போயி ஒரு கும்புடு போட்டுட்டு வந்துருவேன்."

காலி ராக்

பழைய பொருட்களைக் கழிக்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. பட்டியலில் முதலில் இருந்தது டிவிடி ராக். ஃபோனில் கெஞ்சிப் பார்த்தேன். "இந்தக் காலத்துல டிவிடியாம்மா?" என்று வைத்துவிட்டார். அன்று முழுவதும் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு வரி கண்ணில் பட்டது: இரவலாக வெளியே போயிருக்கும் பொருளைக் கழிக்க முடியாது.

மறுநாள் காலையிலிருந்து நூலகத்துக்குள் வந்த ஒருவரையும் சும்மா விடவில்லை. நாளிதழ் பார்க்க வந்தவர், வேலைவாய்ப்புச் செய்தி கேட்க வந்த பெண், வெயிலுக்கு ஒதுங்கியவர், யாராக இருந்தாலும் கார்டு இருந்தால் ஆளுக்கு இரண்டு டிவிடி. எதிர்க் கடை டீ மாஸ்டரிடம் பிளேயரே கிடையாது. "அதனால என்னங்க, பத்திரமா வெச்சிருக்க எடம் இருக்குது" என்று குடும்பத் தொடர் முழுவதையும், வீட்டில் எல்லோர் கார்டையும் கொண்டுவந்து, வாங்கிப் போனார். சாயங்காலம் ராக்கில் தூசி மட்டும்தான் மிச்சம்.

அதிகாரி வந்தார். ராக்கைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். நான் விதிப் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து அவர் முன்னால் வைத்தேன். எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "காலி ராக்கப் பாத்து நான் என்னம்மா ரிப்போர்ட் எழுதறது?"

புத்தகம் அடுக்கத்தான் அரசாங்கம் எனக்கு வேலை கொடுத்தது, ஆனால் இத்தனை வருஷத்தில் நான் முழு மனதோடு செய்து முடித்த ஒரே வேலை ஓர் அலமாரியைக் காலி செய்ததுதான்.