குக்கீயில் இருந்த பெயர்

2005 வாக்கில், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருந்த ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு கொஞ்சம் உண்டு.

சுற்றிலும் புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். ஆட்கள் தாவிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, "நம்ம சிஸ்டத்துல ஒக்காந்துகினே எவன் வேற வேல தேடுறான்னு பாத்து சொல்லுப்பா" என்றார்.

எனக்கு அது பத்து நிமிட வேலை. வெப்சைட்டுகள் நம் கம்ப்யூட்டரில் குக்கீ என்று ஒரு சின்ன ஃபைலைப் போட்டுவைக்கும். அன்றைக்கு அந்த ஃபைலின் பெயரிலேயே முன்பாதியில் நம் லாகின் பெயரும் பின்பாதியில் வெப்சைட்டின் பெயரும் இருக்கும். டிஸ்பாட்ச் கிளார்க்கின் கம்ப்யூட்டரில் ஒரு வேலைவாய்ப்பு வெப்சைட்டின் குக்கீ கிடந்தது. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கான்ட்ராக்டில் இருந்தவருக்கு அடுத்த வாரம் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. மனைவியையும் குழந்தையையும் அழைத்துவர, பக்கத்திலேயே சேரப்பணஞ்சேரியில் வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். எல்லாம் தெரிந்தும் அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவருடைய பணி நிரந்தர ஆர்டரை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து என் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தபோது அதே குக்கீ, என் பெயரில். அந்த வெப்சைட் பக்கமே நான் போனதில்லை. துருவிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. நான் தினமும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் பக்கத்தில் அந்த வேலைவாய்ப்பு வெப்சைட்டின் விளம்பரம் ஓடும். அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவதற்காக, அந்த விளம்பரமே குக்கீயைப் போட்டிருக்கிறது. கிளார்க்கும் ஸ்கோர்தான் பார்த்திருக்கிறார்.

மேனேஜரிடம் ஓடினேன். "அப்ப நீயும் வேல தேடுறியா?" என்று சிரிக்காமல் கேட்டார். அவருடைய கம்ப்யூட்டரிலேயே ஸ்கோர் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் பெயரிலும் ஒரு குக்கீ வந்து விழுந்தது. "சரி, ஆர்டர் போடச் சொல்றேன்" என்றார். ஆனால் நிரந்தரமாக்க வேண்டியவர்களின் அந்த மாத லிஸ்ட் ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டது. ஆர்டர் வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் பார்த்து வைத்த வீடு கைவிட்டுப் போயிருந்தது.

கேன்டீனில் கிளார்க்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே கேட்டவர், "மூணு டேபிள் தள்ளித்தானண்ணே இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றார்.

அதனால்தான் எந்த ரிப்போர்ட்டில் யார் பெயரைப் பார்த்தாலும், இப்போதெல்லாம் முதலில் எழுந்து போய் அந்த ஆளிடமே கேட்டுவிடுகிறேன்.