நாத்தனாரின் விண்ணப்பம்

கழிப்பறை எத்தனை என்றுதான் முதலில் பார்ப்பாள். அரசு மானியம் கேட்டு வரும் விண்ணப்பம் எண்பது பக்கம் இருக்கட்டும், அட்டையில் சூரியன் உதிக்கட்டும், நேரே கட்டட வரைபடத்துக்குப் போய் விரல் வைத்து எண்ணுவாள். "நாப்பது புள்ளைங்களுக்கு ஒரே ஒரு கக்கூசு. தொலைநோக்குப் பார்வை மட்டும் பத்து பக்கம்" என்று கணவருக்குப் படித்துக்காட்டுவாள். அவர் வெங்காயம் நறுக்கியபடி உம் கொட்டுவார்.

வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். அவளுடைய சொந்த விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. கடைசி முறை, சமூகத் தாக்கம் தெளிவாக இல்லை என்று ஒற்றை வரி. "தாக்கம்தானே? ஒருநாள் எல்லாப் புள்ளைங்களையும் அவங்க ஆபீஸ்ல விட்டுட்டு வரேன், தெளிவாத் தெரியும்" என்று கொதித்தவள், விண்ணப்பங்களை மதிப்பிட ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்ததும் அதற்கு மனுப் போட்டாள். மானியத்துக்குத் தகுதியில்லாதவள், மானியம் யாருக்கு என்று சொல்லத் தகுதியானவளாகி ஒரே தடவையில் தேறிவிட்டாள்.

பயிற்சி ஒரு நாள். குப்பை என்று எழுதக் கூடாதாம்; 'மேலும் வலுப்படுத்தலாம்' என்று எழுத வேண்டுமாம். அன்றிலிருந்து கணவரின் சமையலும் அவ்வப்போது வலுப்படுத்தப்பட வேண்டியிருக்கிறது.

போன மாதம் மதிப்பிட வந்த கட்டுக்குள் நாத்தனாரின் விண்ணப்பம் இருந்தது. இரண்டு தெரு தள்ளிக் காப்பகம் வைத்திருப்பவள். இவளுடைய ஆயாக்கள் இருவரை ஆசை காட்டி இழுத்துக்கொண்டவள். மூன்று வருடமாகப் பேச்சில்லை. வசமாக மாட்டினாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரிக்கு வரி எழுத்துப்பிழை. ஆனால் கழிப்பறை ஆறு, எல்லாம் குழந்தை உயரத்துக்கு. மாற்றுத்துணி வைக்கப் பிள்ளைக்கு ஒரு அடுக்கு. தூங்காத குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு அறை. அது இவளுக்கே இத்தனை வருடத்தில் தோன்றியதில்லை. "பாவி, நல்லாத்தான் நடத்துறா" என்று முணுமுணுத்தாள். அன்று கணவருக்கு எதையும் படித்துக்காட்டவில்லை.

மதிப்பீட்டுக் குழுவில் மற்ற இருவர், ஒரு பேராசிரியரும் ஓய்வுபெற்ற அதிகாரியும். பிள்ளை வளர்ப்பைவிட ஒற்றுப்பிழையில் அக்கறையுள்ளவர்கள். தான் இருந்து சொன்னால்தான் இந்த விண்ணப்பம் பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். சொந்தக்காரர் விண்ணப்பம் என்றால் வெளியேற வேண்டும் என்ற விதியும் தெரியும். கூட்டத்தில் அதன் முறை வந்தபோது எழுந்து, இது என் நாத்தனாருடையது என்றாள்.

அதிகாரி சிரித்தார். "இனிஷியல் வேற வேறதானே. யாருக்கும்மா தெரியப்போகுது, உக்காருங்க."

"எனக்குத் தெரியும் சார். உக்காந்தா அவளுக்காகச் சண்டை போடுவேன்."

வெளியே வந்து தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்தாள். அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே பேராசிரியர் முதல் பக்கத்தைப் புரட்டினார், முகம் சுளித்தார், சிவப்புப் பேனாவைத் திறந்தார். அவள் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.