நான் சேர்த்த சட்டம்

ஓகஸ்ட் விடுமுறையில் ஹந்தானை முழுக்கத் தூறலாகவே இருக்கும்; கண்டி நூலகத்திலிருந்து அப்பா எடுத்துவரும் புத்தகங்கள் வழியிலேயே நனைந்துவிடுவதால் அம்மா அவற்றை அடுப்பு மேட்டில் சாய்த்து வைப்பார், அதனால் அந்த வயதில் நான் படித்த கதைகள் எல்லாவற்றிலும் பூஞ்சணமும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாசம் இருந்தது. அப்பா தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் "கிளாக்கர்". "கண்ணக் கெடுத்துக்காத" என்று ஏசுவார். ஏசிக்கொண்டே அடுத்த புத்தகத்தையும் கொண்டுவருவார்.

பதினோரு வயதில் அட்டை கிழிந்த நாவல் ஒன்று கிடைத்தது. இனி வரப்போகும் காலத்தில், கடலுக்கு அப்பால் உள்ள ஒரு நாட்டின் கதை. மக்களைக் கப்பலில் கொண்டுபோய் இறக்குவார்கள், பெயரை எடுத்துவிட்டு இலக்கம் கொடுப்பார்கள், ஏழு வயதானால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். பயந்து பயந்து படித்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பயம் இனித்தது. பிறர் படும் துன்பத்தை அடுப்படிச் சூட்டில் குந்திக்கொண்டு படிப்பதில் அப்படியொரு கேவலமான சுகம் இருக்கிறது.

தனியாகப் பயப்பட மனமில்லாமல் லெட்சுமிக்கும் சொன்னேன். தொழிலாளர் குடியிருப்பான கீழ் லயத்துப் பிள்ளை, என் வயதுதான்; தாய் கொழுந்து எடுக்கப் போனதும் லயத்து முன்திண்ணையான "இஸ்தோப்பில்" தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்று தலைமுறையாக இங்கே இருந்தும் பிரஜாவுரிமை இல்லாத குடும்பம். இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்து, பாஸ்போட்டும் வந்து, புறப்படும் நாளுக்காகக் காத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "பாப்பா, எங்க தம்பிக்கு இன்னும் ஏழு வயசு ஆகல. கப்பல்லயே புடுங்கிக்குவாங்களா?"

நான் சொல்லிக்கொண்டிருந்த நாட்டை இந்தியா என்றே அவள் நம்பியிருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. இது வெறும் கதை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயையே பார்த்துக்கொண்டு ஒருத்தி நடுங்குவது எனக்கு அதுவரை கிடைக்காத பெருமை. "அங்க அழவே கூடாது. அழுதா ஆளையே இல்லாமப் பண்ணிருவாங்க" என்று, புத்தகத்தில் இல்லாத ஒரு சட்டத்தை நானே சேர்த்தேன்.

"பசிச்சாக் கூடவா பாப்பா?"

"பசிச்சாக் கூடத்தான்."

அவள் தாயோ, "போற எடத்துலயும் நம்ம சனந்தானே இருக்கும்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லெட்சுமி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தாயையும் பயமுறுத்துவானேன் என்று நினைத்திருப்பாள்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் அப்பாவோடு கண்டி ஸ்டேஷனுக்குப் போனேன். மேடை முழுக்க ஒப்பாரி. போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஜன்னல் வழியே கைகளைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். லெட்சுமி மட்டும் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தம்பி விசும்பும்போதெல்லாம் அவன் வாயைப் பொத்தினாள். "இந்தக் குட்டிக்குக் கல்லு மனசு" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர். அத்தனை பேர் முன்னால் என் பொய்யை ஒப்புக்கொள்ள வெட்கமாயிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கும்போதே "கோச்சி" நகர்ந்துவிட்டது.

கப்பலுக்கு ஆளேற்றிப் போன அந்தக் கோச்சி இன்று இல்லை, கீழ் லயத்தையும் இடித்துவிட்டார்கள். இந்தியாவில் இறங்கிய இரண்டாம் நாளே நான் சொன்னது பொய்யென்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நெடுங்காலம் மனதைத் தேற்றிவந்தேன். பிறகுதான், அப்படிப் போனவர்களில் பலர் முகாம்களில் கிடந்ததையும், மலைக்காடுகளில் கொத்தடிமைகளாய் மாட்டிக்கொண்டதையும் படித்தேன். நான் சொன்னது பொய்யென்று லெட்சுமிக்குக் கடைசிவரை தெரியவே வராமல் போயிருக்குமோ என்றுதான் இப்போது பயப்படுகிறேன்.