தெரசாவின் நீல ஏரி

கல்வராயன் மலையடிவாரத்தில் கல்யாணமோ கருமாதியோ மாதா கோயில் திருவிழாவோ, தெரசாவின் வாடகைத் தார்ப்பாய் வந்து விரிந்தால்தான் காரியம் தொடங்கும். அத்தனையும் நீலம். ஒருமுறை மலையிலிருந்து இறங்கிய மேகம் அவள் பாயைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சங்கராபுரம் பக்கம் திரும்பிவிட்டதாம். அவளே சொன்னது. நம்பாதவருக்கு அடுத்த தடவை கிழிந்த பாய்தான்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு ஏரியையே உண்டாக்கிவிட்டாள்.

ஊர் ஏரி மண் மேவிக் கிடந்தது. மலைமழை ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு வழிந்து போய்விடும். மாசி வருமுன் ஏரி காயும், அதை ஒட்டிய தெரசாவின் கிணறும் காயும். இந்த வருஷமாவது தூர்வாரச் சொல்லிக் கேட்க அவள் கள்ளக்குறிச்சி நீர்வளத் துறை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே பொறியாளர் மலர்விழி கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"சேட்டலைட் எடுத்த படம்மா. எந்த ஏரி சுருங்குது, எது காயுதுன்னு இதுல பார்த்துதான் முடிவு பண்றோம். உங்களுது தளதளன்னு நீலமா இருக்கே!"

தெரசா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். பெற்ற பிள்ளையை மறந்தாலும் அந்த நீலத்தை மறப்பாளா?

"ஐயோ மேடம், அது தண்ணி இல்லீங்க, என் தார்ப்பாய்!"

காய்ந்த ஏரியைப்போல நல்ல களம் ஏது? ஊரே அங்கேதான் மக்காச்சோளம் காயப்போட்டு, தூறலுக்குப் பயந்து அவள் பாயைப் போர்த்தியிருந்தது.

மலர்விழி நம்பவில்லை. "திங்கக்கிழமை காலைல மறுபடி படம் எடுக்கும். அதையும் பாத்துட்டு முடிவு பண்றோம்."

"பாயைச் சுருட்டிட்டா தீந்துச்சு. இதுல இன்னா கஷ்டம்?" என்றான், ஊர் திரும்பியவளிடம் சோளக்கார ராசு.

"போடா. அம்மாந்தூரத்துலேர்ந்து பாக்க வருது, சும்மா அனுப்பறதா? நாலு வார்த்தை சொல்லி அனுப்புவோம்."

"தண்ணி இல்ல, தூர்வாருங்க" என்று பாயாலேயே எழுத அவளுக்கு ஆசை. அளந்து பார்த்தால், "தண்ணி"யோடு பாய் தீர்ந்துவிடும்.

"அத மட்டும் எழுதினா நம்ம கத கந்தல்க்கா!" என்று ராசு அலறினான்.

கடைசியில் "இல்ல" மட்டும் போதும் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே ஏரிக்குள் இறங்கி, சோளத்தை ஓரம் தள்ளி, பாயை இழுத்து இழுத்து விரித்தது. முதல் எழுத்தைச் சுற்றி வருவதற்குள் கூட வந்த ஆட்டுக்குட்டி கிடாயாகிவிட்டது என்று தெரசா இன்றைக்கும் சத்தியம் செய்வாள். 'ல்'லின் புள்ளிக்கு ராசு தன் வூட்டுப் பாயைக் கொடுத்தான். திங்கட்கிழமை காலையில் எல்லாரும் கரையில் நின்று வெறும் வானத்துக்குக் கையாட்டினார்கள்.

அந்த வாரமே ஜீப்பில் வந்து இறங்கினாள் மலர்விழி.

"தெரசாம்மா, வட்டமா தேங்கின தண்ணி பாத்திருக்கேன், நீளமா தேங்கினது பாத்திருக்கேன். 'இல்ல'ன்னு தேங்கின தண்ணிய இப்பத்தான் பாக்கறேன். ஆபீஸே கூடி நின்னு படிச்சுது!"

ஏரிக்குள் இறங்கி ஒரு பாயின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் பாளம் பாளமாக வெடித்த மண். சிரிப்பு தாங்காமல் புள்ளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க ஏரிக்குத்தான் முதல்ல ஜேசிபி வருது. ஆனா இனிமே இங்க நீலப் பாய் கூடாது."

"பச்சை விரிக்கலாமா மேடம்?"

"விரிங்க, காடுன்னு எழுதிடறேன்!"

தூர்வாரி, ஐப்பசி மழையும் கொட்டி ஓய்ந்தபின் மலர்விழி புதுப் படத்தைப் போனில் அனுப்பினாள். கரைக்குக் கரை நீலம். தெரசா அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள்.

"ராசு, நல்லா பாருடா. எங்கனாச்சும் தையல் தெரியுதா?"

"இல்லக்கா."