டீப்பாயின் நான்கு மூலைகள்

என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கிறது. அதற்குள் ஒன்றரை முழத்துக்கு ஒரு வெள்ளை நூல். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற நூல்தான். பழுப்பேறி, கொஞ்சம் வேகமாக இழுத்தால் அறுந்துவிடும் நிலையில் இருக்கிறது. அதில் இரண்டு முடிச்சுகள். போன வாரம் என் மகள் வந்திருந்தாள். பேரன் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டானாம். ஹாலுக்குப் புதிதாக ஒரு டீப்பாய் வாங்கவேண்டுமாம். செல்போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டி, "எதும்மா அழகா இருக்கு?" என்று கேட்டாள். "மூலையைக் காட்டு" என்றேன். "மூலையில என்னம்மா அழகு?" என்று அலுத்துக்கொண்டாள். அவளுக்கு நான் இதுவரை சொல்லாத கதை ஒன்று உண்டு. சொன்னால் என் குட்டும் சேர்ந்து வெளிப்படும் என்பதால் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு டீப்பாய் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது, அம்மா ஆசைப்பட்டாள் என்று நைனா அதை வாங்கி, கைவண்டியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். ஈட்டி மரக் கால்கள். மேலே வெள்ளைச் சலவைக்கல் பலகை. நான்கு மூலையும் கத்தி. பாயில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவர்களுக்கு டீப்பாய் எதற்கு என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. வந்து தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்கள். வாங்கி ஆறு மாதத்தில், தம்பியைப் பெற்றுவிட்டு அம்மா இறந்துபோனாள். அவள் படத்தைச் சுவரில் மாட்டி, அதற்குக் கீழே டீப்பாயைப் போட்டு, அதன்மேல் விளக்கு ஏற்றினோம். அதற்குப் பிறகு அதன்மேல் காப்பி டம்ளர் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போகும்போது அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவேன்.

தம்பிக்கு எட்டு மாதம் ஆனபோது, நைனா இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்ட சித்தி எண்ணூரிலிருந்து வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். ஒல்லி, கறுப்பு, பேசும்போது தரையைப் பார்க்கிற சுபாவம். அவள் உள்ளே காலை வைத்த அன்றே அத்தை இரண்டு சட்டம் போட்டாள். அத்தை என்றால் நைனாவின் அக்கா. அடுத்த தெருவில் இருந்தாள். ஆனால் அதிகாரம் எங்கள் வீட்டில்தான். "இந்த டீப்பாயி அவ ஆசயா வாங்கினது. இத்த எவளும் கீற எடத்துலருந்து நவுத்தக் கூடாது" என்பது முதல் சட்டம். "தாயில்லாத புள்ள. அவன் மேல ஒரு கீறல் வுழுந்திச்சின்னா ஊரு வாய மூட முடியாது, தெரிஞ்சிக்கோ" என்பது இரண்டாவது. நடக்கப் பழகும் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த இரண்டையும் ஒருத்தி எப்படிக் காப்பாற்றுவாள் என்று அத்தை யோசிக்கவில்லை. சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். ஒன்பது வயசுக்காரியான எனக்கு அதைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. அம்மாவின் இடத்துக்கு வந்தவளுக்கு இப்படி ஒரு மூக்கணாங்கயிறு வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பத்தாம் மாதம் தம்பி எழுந்து நின்றான். விளக்கின் ஒளியைப் பார்த்து நேரே டீப்பாயிடம்தான் போவான். ஒருநாள் சித்தி அவனைச் சுவரோடு நிற்க வைத்து, பொட்டல நூலைக் குதிகாலிலிருந்து மேலே பிடித்து, புருவத்துக்கு நேராக ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு அதே நூலை டீப்பாயின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். முடிச்சும் சலவைக்கல் மூலையும் ஒரே மட்டத்தில் நின்றன. சித்தியின் முகம் செத்துப்போயிற்று. விளக்கை அன்றே சுவர் மாடத்துக்கு மாற்றினாள். பழைய புடவையைக் கிழித்து, மடித்து மடித்து, நான்கு மூலைக்கும் பந்து போல் கட்டினாள். நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? ஒரே ஓட்டமாக ஓடிப்போய் அத்தையிடம், "அம்மா டீப்பாயில கந்தத் துணிய சுத்தி வெச்சிக்கீறாங்க" என்று வத்தி வைத்தேன். அத்தை வந்தாள். நான்கு கட்டையும் அவிழ்த்துத் தெருவில் எறிந்தாள். "செத்தவளுக்குக் கட்டு போடறியாடி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சித்தி தன் கையையே மூலைக்குக் கட்டாக வைத்தாள். தம்பி டீப்பாயைப் பிடித்துக்கொண்டு சுற்றிவருவான். இவள் குனிந்தபடியே அவன்கூடச் சுற்றி, அவன் எந்த மூலைக்கு வருகிறானோ அந்த மூலையை உள்ளங்கையால் மூடிக்கொள்வாள். அவன் தலை அவள் புறங்கையில் வந்து மோதும். ஒரு வாரத்தில் அந்தக் கை கன்றிப்போயிற்று. உலை கொதித்து வழிந்தாலும் எழுந்து போகமாட்டாள். நைனாவிடம் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எவ்வளவு கனமான சரக்கையும் அந்தரத்தில் தூக்கி இறக்குவார். வீட்டு டீப்பாயை ஒரு முழம் தள்ளிப்போட அவருக்குத் தெம்பு கிடையாது. "அக்காவாண்ட கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, துறைமுகத்துப் பக்கம் உடைந்த கப்பல் சாமான்கள் விற்கிற கடைக்குப் போனாள். தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையிலிருந்து நூலை எடுத்தாள். ஒவ்வொரு மேஜையாக அளந்தாள். கால்களைப் பிடித்து ஆட்டினாள். புடவை நுனியை விளிம்பு நெடுகத் தேய்த்தாள்; எங்கே சிலாம்பு இருக்கிறதோ அங்கே புடவை இழை மாட்டிக்கொள்ளும். கடைசியில் செய்ததுதான் கூத்து. தரையில் மண்டி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மேஜை மூலையில் தன் நெற்றியை ஒரு மோது மோதினாள். அடுத்த மேஜையிலும் அப்படியே. கடைக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"இன்னாம்மா, மேஜ வாங்க வந்தியா, மண்டய ஒடச்சிக்க வந்தியா? நம்மள பேஜார்ல வுட்டுடாதே."

"புள்ள மோதறதுக்கு முன்னாடி நான் மோதிப் பாத்துக்கறேன் அண்ணே."

கடைக்காரர் பீடியைக் கீழே போட்டார். பிறகு உள்ளே போய்ச் சாக்கை விலக்கி, குட்டையான ஒரு மேஜையை இழுத்துவந்தார். "கப்பல் ரூம்புல இருந்தது. கடலு ஆடச்சொல்ல தொரைங்க மோதிக்கினா அடிபடக் கூடாதுன்னு மூலய எல்லாம் மழுக்கி வெச்சிக்கீறான் பாரு. தரையோட திருகி வெச்சிருந்தான், அறுத்து எடுத்ததால காலு குட்ட." விளிம்பைச் சுற்றி விரல் கனத்துக்கு ஒரு மரக்கரை வேறு, கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் டம்ளர் வழுக்கி விழாது. சித்தி நூலைப் பிடித்தாள். மேஜை, முடிச்சுக்கு ஒரு சாண் கீழே நின்றது. நெற்றியை மோதினாள். கண்ணைத் திறந்து சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, அது உங்கம்மா பொருளு. அத்த எடுத்துட்டு இத்தப் போடணும்னா நீ சொல்லணும். நீ சரின்னா உங்க நைனாவாண்டயும் அத்தையாண்டயும் நான் பேசறேன். நீ வாணாம்னா வாணாம்."

அதுவரை அந்த வீட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டவளைப் பார்த்து, "வாணாம்" என்றேன். அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. நூலைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு தம்பியை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லாதது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. குடத்தை எடுத்த சித்தி, தம்பி டீப்பாயைப் பிடித்து நிற்பதைப் பார்த்துத் தயங்கினாள். தூக்கினால் கத்துகிறான். "பாப்பா, ரெண்டு கொடம்தான். மூலையில மட்டும் கை வெச்சிக்கினு இரு, ஓடி வந்துர்றேன்" என்றாள். வைத்துக்கொண்டுதான் இருந்தேன். கல் சில்லென்று இருந்தது. தம்பி என்னைப் பார்த்து எச்சில் ஒழுகச் சிரித்தான். அப்போது வாசலில் அத்தையின் குரல் கேட்டது. அம்மாவின் டீப்பாய் மூலையை நான் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அத்தை பார்த்தால் என்ன நினைப்பாள்? நீயும் அவ கட்சியில் சேர்ந்துட்டியாடி என்பாள். வெடுக்கென்று கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அத்தை செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி விழுந்தான்.

அந்தச் சத்தம் பெரிய சத்தம் இல்லை. வெள்ளைக் கல்லில் ரத்தம் இவ்வளவு சிவப்பாகத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அத்தை போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. சித்தி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பிள்ளையை அள்ளி, முந்தானையால் புருவத்தை அழுத்திப் பிடித்தாள். "யாருடி பாத்துக்கினு இருந்தது?" என்று அத்தை அலறினாள். சித்தி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். என் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் அண்ணி தண்ணி புடிக்கப் போயிட்டேன்" என்றாள்.

அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் கூட்டத்துக்கு அது போதும். "பெத்த வயிறா இருந்தா வுட்டுட்டுப் போவாளா?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். மூன்று தையல். கண் தப்பியது. நான் மூலையில் நின்று அழுதேன். தம்பிக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியும் அந்த அழுகையில் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் நைனாவிடம் போய், "அந்தக் கப்பல் மேஜ வேணும்" என்றேன். நைனா தானே போய் வாங்கி வந்தார். "இங்க இருந்தா இவ இத்தயும் ஒடச்சிருவா" என்று சொல்லி அத்தை சலவைக்கல் டீப்பாயை இரண்டு ஆட்களை வைத்துத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். டீப்பாய் போயிற்று, பேச்சு போகவில்லை. சித்திக்கென்று பிள்ளை பிறக்காதபோது அதற்கும் அந்தத் தழும்பைத்தான் காரணமாகச் சொன்னார்கள். தம்பியும் கேட்டுக் கேட்டு வளர்ந்தான். பத்து வயதில் ஒருநாள், பட்டம் விடப் போகவேண்டாம் என்று தடுத்த சித்தியிடம், "நீ பாத்துக்கினதுதான் மூஞ்சியிலயே கீதே" என்று புருவத்தைத் தொட்டுக் காட்டினான். சித்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடி புடைத்தாள். 

அதைப் பார்த்துப் பொறுக்காமல் அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தையின் பேரன் அப்போது தவழ்ந்து எழும் பருவம். உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவின் டீப்பாய் நடுவில் கிடந்தது. நான்கு மூலையிலும் பழைய புடவையைப் பந்து போல் மடித்துக் கட்டியிருந்தது. நான் பார்ப்பதை அத்தை பார்த்தாள். "புள்ள நிக்க ஆரம்பிச்சிட்டான், அதான்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடையில் வேண்டாம் என்றது, மூலையில் கை வைத்திருந்தது, எடுத்தது, அன்று தம்பி சித்தியைச் சொன்னது. "உங்க கொரலக் கேட்டுத்தான், அத்த, கைய எடுத்தேன்" என்றபோது அவள் அந்தத் துணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அதை விடாமலே, "பத்து வருசமா அவ வாயத் தொறக்கலியேடி" என்றாள். 

மறுநாள் காலை, தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். அத்தை இடுப்பில் பேரனும் கையில் காலிக் குடமுமாக வந்து நின்றாள். அவள் தெருவிலும் குழாய் உண்டு. முன்னறையில் கப்பல் மேஜையின் பக்கத்தில் சித்தி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி எதிரே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அத்தை பேரனைக் கொண்டுபோய் சித்தியின் மடியில் வைத்தாள்.

"ரெண்டு கொடம் புடிச்சிக்கினு வந்துர்றேன். நீ பாத்துக்கோ. நீ பாத்துக்கினா எனக்குப் பயமில்ல" என்றாள். தம்பி காதில் விழவேண்டும் என்றே உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். தம்பி பென்சிலை வைத்துவிட்டுச் சித்தியைப் பார்த்தான்.

சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லிட்டியா பாப்பா?" என்றாள். தலையாட்டினேன். "எதுக்கு இப்போ?" என்று கேட்டவள் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாடத்துல நூலு கீது, எடுத்தா" என்றாள். குழந்தையை நிறுத்திப் பிடிக்கச் சொன்னாள் தம்பியிடம். அவன் பிடித்துக்கொண்டான். பழைய முடிச்சுக்கு இரண்டு விரல் கீழே புது முடிச்சு விழுந்தது.

சித்தி போய் வருஷங்கள் ஆகின்றன. அந்தக் கப்பல் மேஜை தம்பி வீட்டில் இருக்கிறது. யார் கேட்டும் அவன் தருவதில்லை. நாளைக்கு மகளோடு டீப்பாய் பார்க்கக் கடைக்குப் போகிறேன். நூலை எடுத்துக் கைப்பையில் வைத்தாயிற்று. மூட்டுவலியில் மண்டி போட முடியுமா தெரியவில்லை. ஆனாலும் கடையில் எத்தனை பேர் பார்த்தாலும் சரி, நெற்றியை ஒருமுறை மோதிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க விடுவேன். மகள் ஏன் என்று கேட்பாள். இந்தத் தடவை சொல்லிவிடுவேன்.